தெற்கு மேடையில் பன்னிரண்டு பாகை

2006 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. கம்பெனி பஸ் வழக்கம்போல வெயில் ஏறுவதற்குள் எங்களைப் பட்டாசுத் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிட்டது. வீட்டுச் சாவி, கொண்டை ஊசி, குடை என்று இரும்பு இருக்கும் எல்லாவற்றையும் வாட்ச்மேன் அறையில் வைத்தேன். செருப்பைக் கழற்றினேன். ஆய்வகத்தில் முந்தைய நாள் வெடிமருந்துக் கலவைகளின் ஈரப்பதத்தைப் பார்த்துக் கையெழுத்திட்டேன். பத்து மணிக்கு மோர் வந்தது. அதன்பின் என்னோடு சோதனை வேலையில் இருந்த செல்வியும் நானும் சோதனைத் திடலுக்குப் போய், மேற்கு மேடையிலும் தெற்கு மேடையிலும் திசைகாட்டியை வைத்து, வெடிமருந்து வைக்கும் மேகசின் கட்டடத்து இடிதாங்கியைக் குறிபார்த்தோம். மேற்கு மேடையிலிருந்து அறுபத்து மூன்று பாகை, தெற்கு மேடையிலிருந்து நாற்பது. இரண்டும் என்றைக்கும் போலச் சரியாக இருந்தன. திரும்பி வந்து சாப்பிட்டோம்.

சோதனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அந்த மேடைகள் விளையாட்டாகத் தோன்றலாம். உங்களிடம் கேமரா இருக்கிறது, கணினி இருக்கிறது. எங்களிடம் இரண்டு பலகை மேடைகள், இரண்டு பித்தளைத் திசைகாட்டிகள், நூலில் பித்தளைக் குண்டு தொங்கும் இரண்டு கோணமானிகள், இவைதான் இருந்தன. ஆனால் கணக்கு அதேதான். கேமராவுக்குப் பின்னால் ஓடுவதும் அந்தக் கணக்குதான் என்பதால், அது எங்கே நம்மை ஏமாற்றும் என்பதைத் தெரிந்துகொள்வது உங்களுக்கும் நல்லது.

வேலை இதுதான். வானத்தில் போய் வெடிக்கும் ஷெல்களில், ஒரே தடவையில் செய்த லாட் ஒவ்வொன்றிலிருந்தும் ஐந்தை எடுத்துக் குழாயில் போட்டு விடுவோம். அது எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில் வெடித்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். வானத்தில் போய் டேப் பிடிக்க முடியாது. அதனால் குழாயிலிருந்து நூறு மீட்டர் மேற்கே ஒருவர், நூறு மீட்டர் தெற்கே ஒருவர் நிற்போம். ஒவ்வொருவரும் இரண்டு கோணங்கள் எடுப்போம். வடக்கைப் பூஜ்யமாக வைத்து வலப்பக்கமாக எண்ணும் திசைக்கோணம் ஒன்று, தரையிலிருந்து எவ்வளவு அண்ணாந்தோம் என்ற ஏற்றக்கோணம் ஒன்று. இந்த இரண்டையும் வைத்து ஒரு அலகு வெக்டர் எழுதலாம். கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு, மேலே எவ்வளவு என்று மூன்று எண்கள். மொத்த நீளம் ஒன்று. அது தூரம் எதையும் சொல்லாது. 'அந்தப் பக்கம்' என்று விரலை மட்டும் நீட்டும். இரண்டு மேடைகளிலிருந்து இரண்டு விரல்கள். அவை நீளும் கோடுகள் எங்கே சேர்கின்றனவோ அங்கே ஷெல் வெடித்திருக்கிறது.

அன்று சோதித்த லாட் முத்துப்பாண்டி அறையினுடையது. முத்துப்பாண்டி போர்மேன். ஆலங்குளம் பக்கத்துக்காரர். பல வருஷம் மத்தாப்பு அறையில் இருந்துவிட்டு, ஷெல் அறை திறந்தபோது தன் ஊர்ப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு அங்கே மாறியவர். முதலாளியை நாங்கள் எல்லாரும் அண்ணாச்சி என்போம். ஷெல்லில் அண்ணாச்சிக்கு ஆரம்பத்திலிருந்தே அரை மனசுதான். "காரியாபட்டிப் பக்கத்துக் கோயில் பொங்கலுக்கு முதல் லோடு போகுது. அது நல்லபடியா வெடிச்சா ரூம் இருக்கும். இல்லேன்னா சாத்திருவேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். மத்தாப்பு அறையில் அவர்களுடைய இடங்களுக்கு அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டது. சீசன் இல்லாத மாதத்தில் வேறு எந்தக் கம்பெனியும் புது ஆள் எடுக்காது. அறை சாத்தினால் முத்துப்பாண்டிக்கும் அவரை நம்பி வந்தவர்களுக்கும் போக இடம் இல்லை. அந்தக் கோயில் பொங்கல் நடப்பது மறுநாள் இரவு. லோடு ஏற்ற லாரி வாசலில் நின்றது.

நாலு மணிக்கு மேல் விட ஆரம்பித்தோம். மேற்கு மேடையில் நான், தெற்கு மேடையில் செல்வி. குழாய் நடுவில், சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் மண்கரை. மேடையிலிருந்து பார்த்தால் குழாய் தெரியாது, வானம்தான் தெரியும். முத்துப்பாண்டி பற்ற வைத்துவிட்டுக் கரைக்குப் பின்னால் ஒதுங்குவார். வானத்தில் வெள்ளைப் புகை மலரும் கணத்தில் குறிபார்த்துவிட வேண்டும். ஐந்தும் சுத்தமாகப் போயின, சுத்தமாக மலர்ந்தன. நான் சந்தோஷமாகத்தான் இறங்கி வந்தேன்.

எங்கள் மேனேஜர் வேகமான மனிதர். நான் எண்களைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடித்து வருவதற்குள் வரைபடத் தாளில் கோடுகளைப் போட்டுவிட்டார்.

"டீச்சர், இங்கன வாங்க. அஞ்சும் கிழக்கே போயிருக்கு. நாலு இருபத்தோரு மீட்டர். ஒண்ணு இருபத்தெட்டு."

இந்த வேலைக்கு வருவதற்கு முன் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தேன் என்பதால் அங்கே எல்லாருக்கும் நான் டீச்சர்.

"கோயில்காரங்க அனுப்பின பிளான்ல ஜனம் நிக்கிறது எந்தப் பக்கம்? கிழக்கே. பெயில்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்க. நான் அண்ணாச்சிக்குப் போன் பண்ணிச் சொல்லிருதேன்."

முத்துப்பாண்டி வாசல்படியில் நின்றிருந்தார்.

"சார், அஞ்சும் என் தலைக்கு நேரா மேலதான் வெடிச்சுச்சு. கண்ணால பாத்தேன்."

"அண்ணாந்து பாத்தா சூரியன்கூட உன் தலைக்கு நேரா மேலதான்யா நிக்கும்."

"சாயங்காலம் நாலு மணிக்கா சார்?"

செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். மேனேஜருக்குக் கோபம் வந்துவிட்டது. "நக்கல் பண்ணாதே. ஒண்ணு சாஞ்சா குழாய் ஆடிச்சுன்னு விடலாம். அஞ்சும் ஒரே பக்கம் சொல்லுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் வேலையில் இந்த வாக்கியத்தை அடிக்கடி கேட்பீர்கள். ஐந்து அளவுகள் ஒரே மாதிரி வந்தால் அளவு உறுதி என்று மனசு சொல்லும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கையால் உருட்டிக் கட்டும் ஷெல்லில் குறை இருந்தால் ஒன்று இப்படிப் போகும், ஒன்று அப்படிப் போகும். ஷெல்லுக்குக் கிழக்கு மேற்கு தெரியாது. ஐந்தும் கிழக்கே போக வேண்டுமென்றால் கிழக்கு எது என்று தெரிந்த ஏதோ ஒன்று நடுவில் இருக்க வேண்டும்.

முத்துப்பாண்டி தலைக்கு மேல் என்று சொன்னதையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் பொய் சொல்பவர் அல்ல. ஆனால் எண்பது மீட்டர் உயரத்தில் இருக்கும் புகை தலைக்கு நேரே இருக்கிறதா, கொஞ்சம் தள்ளி இருக்கிறதா என்று கரைக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும் யாராலும் சொல்ல முடியாது. அவருக்கு அறை போகப் போகிறது. அவர் கண்ணும் தனக்கு வேண்டியதைத்தான் பார்த்திருக்கும்.

நான் தாளைத் திருப்பிப் போட்டு, முதல் ஷெல்லுக்கு இரண்டு வெக்டர்களையும் எழுதினேன். மேற்கு மேடையிலிருந்து: கிழக்கே 0.78, வடக்கே பூஜ்யம், மேலே 0.62. தெற்கு மேடையிலிருந்து: கிழக்கே 0.16, வடக்கே 0.76, மேலே 0.62. வர்க்கங்களைக் கூட்டினால் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்று வருகிறது. எழுதியதில் பிழை இல்லை. பிறகு மேனேஜர் செய்யாத ஒன்றைச் செய்தேன். அவர் தாளில் கோடுகள் வெட்டிக்கொண்ட இடத்துக்கு, மேற்கு மேடைக் கணக்குப்படி உயரம் என்ன, தெற்கு மேடைக் கணக்குப்படி உயரம் என்ன என்று தனித்தனியாகப் போட்டேன்.

மேற்கிலிருந்து தொண்ணூற்றேழு மீட்டர். தெற்கிலிருந்து எண்பத்திரண்டு.

"சார், இதைப் பாருங்க. ஒரே ஷெல் ஒரே நேரத்துல ரெண்டு உயரத்துல வெடிச்சிருக்கு."

மேனேஜர் பார்த்தார். "பெருக்கல் தப்பா இருக்கும்."

"நீங்களே போடுங்க."

அவர் போட்டார். அதே எண்கள். மற்ற நான்குக்கும் போட்டார். எங்கும் ஒத்துப்போகவில்லை.

என் பணிக்காலம் முழுவதிலும் எனக்கு மிக உதவிய விஷயம் இதுதான் என்பதால் பொறுமையாகச் சொல்கிறேன். தட்டையான தாளில் இரண்டு கோடுகள், இணையாக இல்லாவிட்டால், எங்கேயாவது வெட்டியே தீரும். எவ்வளவு தவறான கோணத்தைக் கொடுத்தாலும் தாள் உங்களுக்கு ஒரு புள்ளியைக் கொடுத்துவிடும். தாள் ஒருநாளும் ஆட்சேபம் சொல்லாது. வானத்தில் அப்படி இல்லை. அங்கே ஒரு கோடு மேலேயும் ஒரு கோடு கீழேயுமாக ஒன்றையொன்று தொடாமலே கடந்து போகலாம். அன்று அந்த இரண்டு கோடுகளும் மிக நெருங்கிய இடத்தில்கூடப் பத்து மீட்டருக்கு மேல் விலகியிருந்தன. எங்களுக்கு வழக்கமாக ஒரு மீட்டர்கூட வராது.

இந்த இடைவெளிக்கு ஷெல் காரணமாக இருக்கவே முடியாது. ஷெல் நேரே போகட்டும், சாய்ந்து போகட்டும், கிணற்றுக்குள் விழட்டும். வெடித்தது ஒரே இடத்தில்தான். இரண்டு பேரும் அந்த ஒரே இடத்தைத்தான் பார்த்தோம். அப்படியானால் கோடுகள் அங்கே சேர்ந்தே ஆக வேண்டும். சேரவில்லையென்றால் தவறு பார்த்தவர்களிடம் இருக்கிறது. என்னிடம், அல்லது செல்வியிடம்.

இதைச் சொன்னதும் செல்வியின் முகம் மாறிவிட்டது.

"நான் பாத்த நம்பர் தப்பாகாது டீச்சர். மூணு வருஷமாப் பாக்கேன். என்னைக்காவது தப்பாச் சொல்லியிருக்கேனா?"

"உன்னைச் சொல்லல. நானாக்கூட இருக்கலாம். வா, போய்ப் பாப்போம்."

மேனேஜருக்குப் பொறுமை இல்லை. "டீச்சர், சந்தேகம்னா பெயில் போடுறதுதானே பத்திரம்? யாரும் நம்மளை ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

உண்மைதான், யாரும் கேட்க மாட்டார்கள். அதுதான் அதில் இருக்கும் ஆபத்து. பெயில் என்று எழுதியிருந்தால் முத்துப்பாண்டி அறை மூடியிருக்கும். அதோடு கெட்டுப்போன ஓர் அளவுமுறை மறுநாளும் அதே இடத்தில் இருந்திருக்கும். அடுத்த வாரம் உண்மையிலேயே மேற்கே சாயும் ஒரு லாட்டை அது கிழக்கே தள்ளி 'நேர்' என்று காட்டியிருக்கும். அதற்கும் நான்தான் கையெழுத்துப் போட்டிருப்பேன். லாரியை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு நடந்தேன். மற்றவர்களும் பின்னால் வந்தார்கள்.

முதலில் மேற்கு மேடை, என் மேடை. இடிதாங்கி அறுபத்து மூன்று. காலையில் பார்த்த அதே எண்.

தெற்கு மேடையில் செல்வியே குறிபார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"அம்பத்திரண்டு, டீச்சர்."

காலையில் நாற்பது. இடிதாங்கி நகரவில்லை. மேடை நகரவில்லை. ஊசிதான் பன்னிரண்டு பாகை இடப்பக்கம் இழுபட்டு நின்றது.

மேடையின் இடப்பக்கம் ஸ்டோர் வேலி. அதற்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு பச்சைத் தார்ப்பாய். காலையில் அது அங்கே இல்லை.

"அது என்ன?"

"மத்தாப்புக் கம்பி, டீச்சர். மத்தியானம் ரெண்டு லாரி வந்துச்சு. பழைய குடோன்ல எடம் இல்லேன்னு இங்கன எறக்கினாக" என்றாள் செல்வி.

தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தோம். கம்பி மத்தாப்புக்கு வெட்டிய இரும்புக் கம்பி, கட்டுக் கட்டாக, மேடையை ஒட்டி என் தோள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது.

யாரும் விதியை மீறவில்லை. மருந்து இருக்கும் வேலிக்குள் ஓர் ஆணிகூட வரக் கூடாது. அங்கே சுத்தியல் மரம், கத்தரி பித்தளை. ஆனால் சோதனைத் திடல் அந்த வேலிக்கு வெளியே இருந்தது. அங்கே இரும்பு வரலாம். எங்கள் ஆட்களுக்கு இரும்பு என்றால் தீப்பொறி. அந்தப் பயம் ரத்தத்தில் ஊறியது. தீப்பொறி பட்டால் எரிய எதுவும் இல்லாத இடத்தில் இரும்பை யாரும் இரும்பாகவே பார்ப்பதில்லை. காலையில் கொண்டை ஊசியைக்கூட வாசலில் கழற்றி வைத்த செல்வி, சாயங்காலம் இரண்டு லாரிக் கம்பிக்குப் பக்கத்தில் திசைகாட்டியோடு நின்றிருக்கிறாள். வேறு எந்த ஊர்க்காரருக்கும் இந்தத் தவறு இப்படி நேர்ந்திருக்காது.

"நீ படிச்சது சரிதான், செல்வி. ஊசிதான் பொய் சொல்லியிருக்கு" என்றேன். அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அண்ணாச்சியின் கார் உள்ளே வந்தது. மேனேஜர் விஷயத்தைச் சொன்னார், நேர்மையாகவே சொன்னார். சொல்லிவிட்டு, "தெற்கு மேடை நம்பர் அஞ்சுலயும் பன்னெண்டைக் கழிச்சுட்டா முடிஞ்சுது அண்ணாச்சி. லோடு இப்பவே போகலாம்" என்றார்.

அங்கேயே, கம்பிக்கட்டின் மேல் தாளை வைத்துக் கழித்துப் பார்த்தேன். நான்கு ஷெல்கள் குழாய்க்கு நேர் மேலே, எண்பது மீட்டர் உயரத்தில் வந்து உட்கார்ந்தன. இடைவெளி ஒரு மீட்டருக்குள். முத்துப்பாண்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆனால் மூன்றாவது ஷெல் அடங்கவில்லை. பன்னிரண்டைக் கழித்த பிறகும் கோடுகளுக்கு நடுவே மூன்றரை மீட்டர் இருந்தது.

"மூணாவது போறப்போ இங்க என்ன நடந்துச்சு?" என்று செல்வியிடம் கேட்டேன்.

அவள் யோசித்தாள். "கடைசிக் கட்டுகளைத் தள்ளுவண்டியில கொண்டு வந்தாக, டீச்சர். ஷெல் மேல போறதைப் பாக்கணும்னு வண்டியை இங்கன, என் பக்கத்துலயே நிறுத்திட்டு வேடிக்கை பாத்தாக."

"அதான் காரணம் தெரிஞ்சு போச்சே" என்றார் அண்ணாச்சி. "அந்த ஒண்ணை விட்டுட்டு நாலை வச்சு எழுதுங்க."

நிதானம் வேண்டிய இடம் இதுதான். அதுவரை எனக்குக் கணக்கு துணை இருந்தது. இனிமேல் நான்தான் முடிவு செய்ய வேண்டும். பன்னிரண்டு என்பது கடைசியாக எடுத்த எண். ஷெல் போன ஒவ்வொரு கணத்திலும் ஊசி அதே பன்னிரண்டில்தான் இருந்ததா? நான்கில் இருந்திருக்கும்போல் தெரிகிறது. ஒன்றில் இல்லை. ஒருவேளை மூன்றாவது ஷெல் உண்மையிலேயே கொஞ்சம் சாய்ந்தும் இருக்கலாம். ஆடிய ஊசி அதை மறைத்துவிட்டது. நமக்குப் பிடித்த விடை வரும்வரை எண்களைத் திருத்திவிட்டு, அடங்காத ஒன்றைத் தூக்கி எறிவது கணக்கு அல்ல.

"பாஸ் போட மாட்டேன், அண்ணாச்சி" என்றேன். "பெயிலும் போட மாட்டேன்."

"அப்ப என்னதான் போடுவீக?"

"தெரியாதுன்னு போடுவேன்."

"தெரியாதுன்னு எழுதவா உங்களுக்குச் சம்பளம் கொடுக்கேன்?"

"ஆமா அண்ணாச்சி. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதாம இருக்கத்தான்."

அண்ணாச்சி முத்துப்பாண்டி பக்கம் திரும்பினார். "உன் ஷெல்லை நல்லதுன்னு சொல்லுதாகளா, கெட்டதுன்னு சொல்லுதாகளான்னே புரியலையே. நீ என்ன சொல்லுதே?"

முத்துப்பாண்டி தன் பக்கம் பேச வேண்டிய நேரம். நாலு நல்ல எண்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. அவர் கம்பிக்கட்டையும் என் தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"திரும்ப விடுவோம் அண்ணாச்சி. நாளைப்பின்ன இந்தக் கம்பியைச் சொல்லித்தான் முத்துப்பாண்டி ஷெல் பாஸாச்சுன்னு பேச்சு வரக் கூடாது."

"லோடு?"

"விடியக்காலையிலயே விட்ருவோம். அம்புட்டு நேரம் ஆகாது" என்றேன். "காரியாபட்டிக்கு லாரி மத்தியானத்துக்குள்ள போயிரும்."

அண்ணாச்சி லாரிக்காரரை அங்கேயே படுத்துக்கொள்ளச் சொன்னார். அதுதான் சம்மதம்.

அத்தனை கம்பியையும் ராத்திரியில் நகர்த்த முடியாது. நான் மேடையை நகர்த்தினேன். இதைத்தான் வெக்டரின் பெரிய சௌகரியம் என்பேன். விரல் நீட்டும் முறை மாறாது. நிற்கும் இடம் மட்டும் மாறும். கூட்டலில் தொடக்கப் புள்ளியை மாற்றினால் போதும். வெளிச்சம் இருக்கும்போதே துணி டேப்பைப் பிடித்து, குழாயிலிருந்து வடக்கே நூறு மீட்டரில் முளை அடித்தோம். செல்வி வேலி ஓரமெல்லாம் நடந்து, குப்பைத் தகரம்கூடக் கிடக்கிறதா என்று காலால் தள்ளிப் பார்த்தாள். பிறகு நான் தனியாக உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். இடிதாங்கி எங்கே இருக்கிறது என்பது பழைய இரண்டு மேடைகளின் காலை அளவுகளிலிருந்து தெரியும். அப்படியானால் புதிய வடக்கு மேடையிலிருந்து அது எந்தத் திசைக்கோணத்தில் தெரிய வேண்டும்? விடையை ஒரு துண்டுத் தாளில் எழுதி மடித்து வைத்துக்கொண்டேன். செல்வியிடம் சொல்லவில்லை. எந்த எண் வர வேண்டும் என்று தெரிந்தால், எவ்வளவு நேர்மையான கண்ணும் அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும்.

நீங்கள் இன்று சோதிக்கும் ஷெல்கள் வருவது முத்துப்பாண்டியின் அந்த அறையிலிருந்துதான். அன்று சாத்தியிருக்க வேண்டியது. சோதனைக்கு முன்னால் ஒரு தடவை, முடிந்த பிறகு ஒரு தடவை என்று இடிதாங்கியை இரண்டு முறை குறிபார்க்கச் சொல்லும் விதி உங்களுக்குத் தொல்லையாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். கேமரா வைத்தாலும் அதைக் கைவிட வேண்டாம். இரண்டு கோடுகள் சேரும் இடத்தை உங்கள் கணினி உடனே காட்டிவிடும். அவை எவ்வளவு சேரவில்லை என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

மறுநாள் புதன்கிழமை. டீ வருவதற்கு முன், மண்கரைக்கு மேல் வெளிச்சம் விழுந்ததும், முதல் வேலையாக வடக்கு மேடையில் திசைகாட்டியை வைத்தோம். முத்துப்பாண்டி ஐந்து புது ஷெல்களோடு குழாய்க்குப் போகாமல், எங்கள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். செல்வி இடிதாங்கியைக் குறிபார்த்தாள். ஊசி ஆடி அடங்கும்வரை காத்திருந்தாள்.

"எழுபத்தி நாலு, டீச்சர்."

மடித்த தாளை முத்துப்பாண்டி கையில் கொடுத்தேன். அவர் பிரித்துப் பார்த்தார். அதிலும் எழுபத்து நான்குதான். அதை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, குழாயை நோக்கி நடந்தார்.